கேட்டுவிட்டுத்தான் சொல்வார்

அந்த அக்காவின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கே இருந்தாலும் தேடிக்கொண்டு வந்து, "யாரைக் கேட்டு எழுதுன?" என்பார். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்தவர், அப்போது நாற்பதை ஒட்டிய வயது, கணவர் இல்லை, ஒரே மகள் என்பது வரைக்கும் சொல்லலாம். அந்தப் பக்கத்தில் அப்படி ஐம்பது பேராவது இருப்பார்கள்.

சோதித்துப் பார்க்காமல் அவர் யாரையும் நம்ப மாட்டார். என் அம்மா கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தார். மற்ற பெண்கள் புதுத்துணியைப் போட்டு, அதன் மேல் அளவு ரவிக்கையை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இந்த அக்கா முதல் தடவை கொண்டுவந்தது ஒரு பழைய பாவாடை. ஓரம் மட்டும் அடிக்க வேண்டும். அடித்துக் கொடுத்ததும் வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்து, தையலை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார். அடுத்த வாரம் கொக்கி தைக்க ஒரு ரவிக்கை வந்தது. மூன்றாவது தடவைதான் புதுத்துணி. "இவ எனக்குத் துணி குடுக்க வர்றாளா, வேலைக்கு ஆள் எடுக்க வர்றாளா?" என்று அம்மா முணுமுணுப்பார்.

பஸ்ஸிலும் அப்படித்தான். இந்த இடத்தில் நிற்குமா என்று கண்டக்டரைக் கேட்பார், பிறகு முன்னால் போய் டிரைவரையும் கேட்பார். இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னால்தான் ஏறுவார். அதற்குள் பஸ் கிளம்பிப் போய்விட்டதும் உண்டு. அதற்காக அவர் வருத்தப்பட்டதில்லை.

2004 டிசம்பர் கடைசியில் அலை வந்து போன பிறகுதான் எனக்கு அவரோடு நேரடிப் பழக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. வரலாறு படித்துவிட்டு அம்மா கடையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவளை ஒரு தொண்டு நிறுவனம் வேலைக்கு எடுத்துக்கொண்டது. மனம் உடைந்தவர்களோடு பேசுவதற்காக வெளியூர்களிலிருந்து ஆலோசகர்கள் வந்தார்கள். அவர்களுக்கு இடம் பிடிப்பது, ஆட்களைக் கூட்டி வருவது, தமிழ் தெரியாதவர்களுக்கு மொழிபெயர்ப்பது இதெல்லாம் என் வேலை. என் இங்கிலீஷ் ஒன்றும் பிரமாதமில்லை. வாய் மட்டும் ஓயாது. அதை ஒரு தகுதி என்று நினைத்துத்தான் எடுத்திருப்பார்கள்.

முதல் வாரம் ஒரு கூத்து நடந்தது. வந்தவர்கள் எல்லாரும் ரேஷன் கார்டை பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையோடு கொண்டு வந்தார்கள். அந்த மாதத்தில் எங்கள் பக்கம் நோட்டுப் புத்தகத்தோடு நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள் எல்லாருமே கணக்கெடுக்க வந்தவர்கள்தானே. "உங்க மனசு எப்படி இருக்குது?" என்று ஆலோசகர் கேட்பார். "கூரை போயிடுச்சு, ரெண்டு அண்டா, ஒரு சைக்கிள்" என்று பதில் வரும். வீட்டில் இறந்தவரைக்கூட அதிகாரி கேட்கிற வரிசையில் கடைசியாகத்தான் சொன்னார்கள். நான் அதையெல்லாம் ஒன்றுவிடாமல் மொழிபெயர்த்தேன்.

இந்த அக்காவும் கார்டோடுதான் வந்தார். ஆனால் உட்காருவதற்கு முன்பே, "இது லிஸ்ட்டுக்கா, பேசுறதுக்கா?" என்று என்னைக் கேட்டார். பேசுவதற்குத்தான் என்றேன். கார்டை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அப்ப சரி. எனக்குப் பேசணும்."

அவருடைய கஷ்டத்தை அவரே தெளிவாகச் சொன்னார். அன்று காலை மீன் வாங்க அவரும் மகளும் கரைக்குப் போயிருந்தார்கள். இரண்டு பேரும் பிழைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து மகளைக் கண்ணை விட்டு விலக விடுவதில்லை. அலை கொண்டுவந்து போட்ட சேற்றை வழிக்க உப்பளத்துக்குப் போனால் மகளும் கூடப் போய் வரப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். தூங்கும்போது அவளுடைய தாவணி முனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொள்வாராம். பெண் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் மறுபடி திறந்தும் அனுப்பவில்லை. மார்ச்சில் பரீட்சை.

"இது தப்புன்னு எனக்கே தெரியுது" என்றார். "அவ படிக்கணும்னுதான் இத்தனை வருஷம் உப்புல நிக்கிறேன். ஆனா அவ வாசலைத் தாண்டினா எனக்கு மூச்சு நின்னுடுது. இதைச் சரி பண்ற ஆளு யாருன்னு சொல்லு."

எனக்குத் தெரிந்து, இப்படி ஆள் கேட்டு வந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களை நாங்கள்தான் தேடிப் போய்க் கூட்டி வந்தோம்.

முதலில் பார்த்தவர் வடக்கேயிருந்து வந்த ஓர் ஐயா. நல்ல மனிதர், குரலும் இதமானது. இருபது பெண்களை வட்டமாக உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, அமைதியான கடற்கரையில் அலைகள் மெல்ல வந்து காலைத் தொடுவதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். நானும் யோசிக்காமல் அப்படியே தமிழில் சொல்லிவிட்டேன். ஒரு பெண் வீறிட்டாள். அக்கா மட்டும் கண்ணை மூடவே இல்லை. "கடலைப் பத்திப் பேசுறதுன்னா கண்ணைத் திறந்துக்கிட்டுப் பேசலாம்னு அவர்கிட்ட சொல்லு" என்றார். பிறகு, அவர் எப்போது ஊருக்குத் திரும்புகிறார் என்று கேட்கச் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை என்றார் ஐயா. அக்கா எழுந்துவிட்டார். வெள்ளிக்கிழமை போகிறவரிடம் எந்தப் பேச்சை ஆரம்பிப்பது என்று வாசலில் வந்து என்னைக் கேட்டார்.

இரண்டாவதாக வந்தது என் வயதுப் பெண். படிப்பை அப்போதுதான் முடித்திருந்தாள். அக்கா தாவணி முனையைப் பற்றிச் சொன்னதும் அவளுக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. நிறுத்த முடியவில்லை. அக்கா வெளியே வந்து குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு போய், அவளைக் குடிக்க வைத்து, முதுகைத் தடவிவிட்டு அரை மணி நேரம் கழித்து வந்தார். "தங்கமான பொண்ணு. ஆனா இன்னிக்கு நான்தான் டாக்டர்" என்றார்.

மூன்றாவது ஆலோசகர் பெங்களூரிலிருந்து வந்த அம்மாள். அவசரமே இல்லாதவர். மூன்று மாதம் இருக்கப்போவதாகச் சொன்னார். தமிழ் தெரியாது என்பது ஒன்றுதான் குறை. அக்காவுக்கு அவரைப் பிடித்திருந்தது, எனக்கே தெரிந்தது. இங்கே சொல்வது வெளியே போகாதே என்று அக்கா கேட்டார். ஒரு வார்த்தைகூடப் போகாது என்று அந்த அம்மாள் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். அக்கா ஒரு விஷயம் சொன்னார். மகளுக்குத் திண்டிவனத்தில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார், படிப்பை நிறுத்திவிட்டு வைகாசியில் கல்யாணம் வைக்கப்போகிறார், யாருக்கும் சொல்லவில்லை.

அன்று சாயந்திரம் அம்மா கடையில் உட்கார்ந்து கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். நல்ல சேதிதானே, இதில் யாருக்கு என்ன கெடுதல் என்று எனக்குள் ஒரு நியாயம் ஓடியது. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மாவின் கடையில் ஒரு விஷயம் எத்தனை நேரம் தங்கும் என்பது எனக்குத் தெரியாததா?

நான்கு நாள் கழித்து அக்கா எங்கள் ஆபீசுக்கு வந்தார். கோபமாக வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் யாருக்கும் மாப்பிள்ளை பாக்கல" என்றார். "அந்த ரூம்ல மூணு பேர் இருந்தோம். அந்தம்மாவுக்குத் தமிழ் வராது. நான் யார்கிட்டயும் சொல்லல."

கதவு திறந்திருந்திருக்கும், யாராவது கேட்டிருப்பார்கள் என்று ஏதோ உளறினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவமானத்தில் வந்த அழுகை. அதைத் துடைத்துவிடவோ தண்ணீர் கொண்டுவரவோ அவர் எழுந்திருக்கவில்லை.

ஆனால் அந்தக் கதை என்னோடு நிற்கவில்லை. உப்பளத்தில் ஒருத்தி, "நிச்சயம் எப்போ?" என்று மகளிடமே கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் வீட்டுக்குப் போய், பாடப் புத்தகங்களை ஒரு சாக்கில் கட்டி, ஒன்பதாவது படிக்கிற பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். அக்கா அது பொய் என்று சொல்லிப் பார்த்தாராம்.

"நம்ப மாட்டேங்குறா. என் பொண்ணாச்சே" என்றார். அப்போதுதான் அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. "உன்னைச் சோதிச்சுப் பாக்கணும்னு போட்ட பொய்ம்மா. அவ தலையில விழுந்துடுச்சு."

மார்ச் வந்தது. பரீட்சை நடந்து முடிந்தது. அவள் எழுதவில்லை. அந்த நாட்களில் நான் உப்பளத்துப் பக்கமே போகவில்லை. கடைத்தெருவில் அந்தத் தாயும் மகளும் ஒட்டிக்கொண்டு நடந்து வருவதைக் கண்டால் சந்துக்குள் திரும்பிவிடுவேன். அம்மா மட்டும், நான் நல்லதைத்தானே சொன்னேன் என்று கடைசிவரை சாதித்தார்.

குற்ற உணர்ச்சி மனிதரை உழைக்க வைக்கும் போலிருக்கிறது. எங்கள் நிறுவனத்து மேலாளரை நான் விடாமல் நச்சரித்தேன். பெண்ணாக இருக்க வேண்டும், தமிழ் பேச வேண்டும், நடுவில் ஓடிவிடக் கூடாது, அறை எங்கள் ஊருக்குள் இருக்கக் கூடாது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறாயா என்று அவர் கேட்டார். ஜூலையில்தான் ஆள் கிடைத்தார். புதுச்சேரியிலிருந்து வாரா வாரம் புதன்கிழமை வரக்கூடிய ஓர் அம்மாள், ஐம்பது வயதுக்கு மேல். அறை கீழ்புத்துப்பட்டில், மெயின் ரோட்டை ஒட்டி ஒரு மாடியில். அக்காவிடம் போய் நின்று சொன்னேன். அந்தம்மாவைப் பற்றி என்னைப் பதினைந்து கேள்வி கேட்டார். பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அவற்றை அந்த அம்மாளிடமே கேட்டுக்கொள்கிறேன் என்றார்.

கீழ்புத்துப்பட்டு என்றதில் அவருக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அங்கே அய்யனார் கோயில் உண்டு. புதன்கிழமை தோறும் வருவதாக வேண்டுதல் என்று உப்பளத்தில் சொல்லிவிட்டார், யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு வாரமும் முதலில் கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியில் திருநீறோடுதான் மாடி ஏறினார்.

முதல் நாள் அறிமுகம் செய்துவைக்க நானும் உள்ளே நின்றேன். மகள் வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அக்கா வழக்கம்போல் ஆரம்பித்தார். எத்தனை நாள் வருவீர்கள்? ஒரு வருடம் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன், நிற்பதாக இருந்தால் ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவிடுவேன் என்றார் அந்த அம்மாள். உங்களை எனக்குப் பிடிக்காமல் போனால்? அதைச் சொல்லுங்கள், வேறு ஒருவரைத் தேட நானே உதவுகிறேன். என் பெண்ணை எப்போது தனியாக விடுவேன்? அது தெரியாது என்றார். தெரியாது என்றதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் சொல்றது வெளிய போகுமா?"

"போகாது. ஒரு விஷயம் தவிர" என்றார் அந்த அம்மாள். "உங்க உயிருக்கோ உங்க பொண்ணு உயிருக்கோ ஆபத்துன்னு தோணுச்சுன்னா மட்டும் வேற ஒருத்தர்கிட்ட சொல்லுவேன். அதையும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு வார்த்தைகூடப் போகாதுன்னு சொன்ன ரூம்லதான் போச்சு. இவங்க, பேச்சு எப்ப வெளிய போகும்னும் சேர்த்துச் சொல்றாங்க" என்றார். பிறகு, "நீ வெளிய இரு" என்றார். நான் வெளியே வந்ததும் கதவைத் தானே எழுந்து வந்து சாத்தினார்.

இப்படியாக என் புதன்கிழமைகள் அந்தப் படிக்கட்டில் கழிந்தன. உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று சொன்னால் வெட்கக்கேடு. சில நாள் பேச்சுச் சத்தமே வராது. ஒரு நாள் அக்காவின் சிரிப்பு கேட்டது. ஒரு நாள் கேட்டது அழுகையா இருமலா என்று பிரித்தறிய முடியவில்லை. மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து, வைகாசி கல்யாணம் இல்லாமலே கடந்த பிறகு பக்கத்து வீட்டிலிருந்து திரும்ப வாங்கி வந்த புத்தகத்தை என் கையில் கொடுத்து, பாடத்தை ஒப்பிப்பாள். காது அவளுக்கும் கதவுப் பக்கம்தான் இருந்தது என்று நினைக்கிறேன். காலாண்டுப் பரீட்சைக்குள் வந்து சேர்ந்தால் பெயரை வைத்திருப்பதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். அதனால் எங்களுக்கு ஒவ்வொரு வாரமும் எண்ணிக்கைதான்.

பஸ்ஸில் போகும்போது அக்கா என்னிடம் பேச மாட்டார். இன்றைக்கு எதைச் சொல்வது என்று யோசிக்கும் நேரம் அது. எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டினால் எதுவும் நிற்காது, ஒரு வாரத்துக்கு ஒன்று போதும் என்பது அவர் கணக்கு. திரும்பி வரும்போது சில சமயம், பேசியதை அல்ல, செய்ய வேண்டியதை மட்டும் சொல்வார். ஒரு வாரம், மகளைக் கடைக்குத் தனியாக அனுப்ப வேண்டும், தான் வாசலில் நிற்கக் கூடாது. அவர் வாசலில் நிற்கவில்லை, ஜன்னலில் நின்றார். அடுத்த புதன்கிழமை முதல் காரியமாக அதைச் சொல்லிவிட்டாராம். மறைத்திருக்கலாமே என்றேன். நானே பஸ் ஏறிப் போய் நானே பொய் சொல்லிவிட்டு வருவதா என்றார்.

ஆகஸ்டில் ஒரு நாள் கதவைப் படாரென்று திறந்துகொண்டு வந்தார். முகம் சிவந்திருந்தது. இனி வரமாட்டேன், அந்தம்மா கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டார் என்றார். என் நம்பிக்கை முழுவதும் அந்தப் படியிலேயே சரிந்தது. மகள் புத்தகத்தை மூடிவிட்டாள். ஆனால் அடுத்த புதன்கிழமை பஸ் நிறுத்தத்தில் எங்களுக்கு முன்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன்.

"தீரல. அதைச் சொல்லத்தான் போறேன்" என்றார். "மேஸ்திரிகிட்ட கோவத்தைச் சொன்னா வேலை போயிடும். பொண்ணுகிட்ட சொன்னா அவ தாங்க மாட்டா. இவங்ககிட்டதான் சொல்ல முடியும்."

அன்று உள்ளே வழக்கத்தைவிட நேரமானது. அதற்குப் பிறகுதான் காரியம் நகர்ந்தது. அடுத்தடுத்த வாரங்களில் மகளைப் பஸ் நிறுத்தத்தில் விட்டுவிட்டுக் கோயிலுக்குத் தனியாக நடந்து போனார். ஒரு புதன்கிழமை மகள் இல்லாமலே வந்தார். பஸ் மரக்காணத்தைத் தாண்டியதிலிருந்து முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார், இறங்கும்போது உள்ளங்கை சிவந்திருந்தது. காலாண்டுப் பரீட்சைக்கு மூன்று நாள் முன்னால் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அந்த மாதம் முழுக்க அக்கா பள்ளி கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மழைக்காலம் வந்ததும் வீட்டில் இருந்தார். எனக்கு இதெல்லாம் மந்திரம் மாதிரி இருந்தது, உள்ளே என்னதான் நடக்கிறது என்ற அரிப்பும் கூடிக்கொண்டே போனது. ஒரு தடவை அந்த ஆலோசகர் அம்மாளிடமே நாசூக்காகத் தூண்டில் போட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "மழை வர்ற மாதிரி இருக்குது இல்ல?" என்று கேட்டார்.

2006 மார்ச். பத்தாவது பரீட்சையின் முதல் நாள். அக்கா தேர்வு நடக்கும் பள்ளிக்கு வருகிறாரா என்று பார்க்க வேண்டும் என்பதற்காகவே நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். கேட்டுக்கு வெளியே அம்மாக்களும் அப்பாக்களும் நின்றிருந்தார்கள். அக்கா இல்லை. எதிர்ப்பக்கம், டீக்கடை, மரத்தடி எல்லாம் தேடினேன். எங்கும் இல்லை.

மணி அடித்து வெளியே வந்தவள் என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். அம்மா உப்பளத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். பஸ்ஸில் தனியாகத்தான் வந்தாளாம். கேள்வித்தாளை விசிறிக்கொண்டு என்னோடு நடந்தவள் சட்டென்று நின்றாள்.

"நேத்து சாயந்திரம் அம்மா என்னை உக்கார வெச்சு ஒண்ணு சொன்னாங்கக்கா. அன்னிக்கு அலை வந்தப்ப கரையில அவங்க என்ன பண்ணாங்கன்னு. இதை என்கிட்ட சொல்றதுக்குத்தான் அந்த ரூம்ல இத்தனை நாள் சொல்லிச் சொல்லிப் பாத்தாங்களாம்."

எட்டு மாதம் படிக்கட்டில் உட்கார்ந்து நான் காத்துக்கிடந்த விஷயம் என் முன்னால் நின்றது. என்ன என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், சொல்லியிருப்பாள்.

"ஆனா எனக்கு அது அன்னிக்கே தெரியும்க்கா" என்றாள். "கண்ணால பாத்தேன். அம்மாவே சொல்லட்டும்னு இருந்தேன்."

"அதை அவங்ககிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அப்புறம், தெரிஞ்சுமா என் பக்கத்துலயே படுத்திருந்தன்னு கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன்."

பஸ் வந்தது. நாளைக்கு என்ன பரீட்சை என்று கேட்டேன். தமிழ் இரண்டாம் தாள் என்று சொல்லிவிட்டு ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்துகொண்டாள்.